புரூடர் குஞ்சுகளின் மூச்சுத்திணறல்: மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

புரூடரில், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் தடுப்பில், இருக்கும் கோழிக்குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதற்கு ஏழெட்டுக் காரணங்கள் இருக்கலாம். சூடு கூடியிருக்கலாம், கூளத்திலிருந்து அமோனியா கிளம்பியிருக்கலாம், உமியில் பூசணம் பிடித்திருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அதனால் தும்மல் கேட்ட மறுநிமிடமே கடையில் ‘கோழிச் சளிக்கு’ என்று ஒரு பாட்டில் வாங்கித் தண்ணீரில் கலந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குள் அட்டைப்பெட்டியிலோ தகரத் தடுப்பிலோ குண்டு பல்பு போட்டு ஐம்பது, நூறு குஞ்சு வளர்க்கும் இடங்களில், முதல் வாரத் தொல்லை பல நேரம் காற்றிலும் கூளத்திலும்தான் தொடங்குகிறது. அதை எந்த மருந்தும் தீர்க்காது.

கோழிக்கு உதரவிதானம் கிடையாது. அதன் நுரையீரல் நம்முடையதைப்போல விரிந்து சுருங்குவதும் இல்லை. நுரையீரலோடு இணைந்த ஒன்பது காற்றுப்பைகள் துருத்திபோல வேலைசெய்து காற்றைச் செலுத்துகின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலில் புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பறவைக்கு நிறைய ஆக்சிஜன் கிடைக்க உதவும் இந்த ஏற்பாடே புகையையும் தூசியையும் அதே வேகத்தில் உள்ளே கொண்டுபோகிறது. காற்றுப்பைகளில் ரத்த ஓட்டமும் குறைவு. அங்கே போய்த் தங்கிய பூசணத்தையோ கிருமியையோ மருந்து எளிதில் எட்டுவதில்லை.

முதலில் விலக்க வேண்டியது சூட்டை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லாததால், சூடு தாங்காத குஞ்சு வாயைத் திறந்து இளைக்கும். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கித் தொங்கவிட்டு, பல்பை விட்டுத் தள்ளித் தடுப்போரமாகப் படுத்துக்கொள்ளும். மூக்கில் சளியோ, மூச்சில் கொறகொற சத்தமோ இருக்காது. பல்பை உயர்த்தினாலோ ஒன்றை அணைத்தாலோ கொஞ்ச நேரத்தில் வாய் மூடிக்கொண்டால் அது நோயே இல்லை. முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், அதன்பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைவு என்பது பொதுவான கணக்கு. குஞ்சுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் என்று பல்பு போடச் சொல்வதும் இதற்காகத்தான். சித்திரை வெயிலில் கரூரிலோ வேலூரிலோ பகல் முழுதும் பல்பு எரிய வேண்டிய அவசியமே இல்லை. புத்தகத்தில் இருக்கிறதே என்று எரியவிட்டு, குஞ்சு இளைப்பதைச் சளி என்று எண்ணிக்கொள்வோர் உண்டு.

சூட்டுக்கு அடுத்து வருவது அமோனியா. வீட்டு புரூடர்களில் மிகுதியாகக் கவனிக்கப்படாமல் போவதும் இதுதான். எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தை ஈரக் கூளத்தில் வளரும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அமோனியா உண்டாகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். புரூடரில் இரண்டுமே உண்டு. சூடு வெளியே போய்விடக் கூடாதென்று மேலே சாக்கைப் போட்டு நாலு பக்கமும் மூடும்போது வாயுவும் உள்ளேயே தங்கிவிடுகிறது. குஞ்சுகள் இருக்கும் இடத்தில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அமோனியா இருக்கக் கூடாது என்பது கோழி வளர்ப்பில் ஏற்கப்பட்ட வரம்பு. அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் சளியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிழைகள் செயலிழக்கின்றன. கண் சிவந்து நீர் வடியும். குஞ்சு கண்ணை மூடியபடி நிற்கும். இந்த நிலையில் ஒரு சாதாரணக் கிருமி வந்தாலும் தொற்று வலுவாகப் பிடித்துக்கொள்ளும்.

இதைக் கண்டறிய கருவி தேவையில்லை. அறைக்குள் நின்றபடி முகர்ந்தால் போதாது. நின்றிருப்பவரின் மூக்கும் குஞ்சின் மூக்கும் வேறு வேறு காற்றைச் சுவாசிக்கின்றன. காலையில் வெளியிலிருந்து வந்தவுடன், முழங்கால் மடித்து உட்கார்ந்து, முகத்தைக் கூளத்துக்கு ஒரு சாண் உயரத்தில் வைத்து மூச்சை இழுக்க வேண்டும். மூக்கு எரிந்தாலோ கண் கரித்தாலோ அளவு மீறியிருக்கிறது. முதல் சில நிமிடங்களில் தெரிவதுதான் உண்மை. அதன்பிறகு மூக்கு பழகிவிடும். கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பது இன்னொரு சோதனை. கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் அதிகம். தண்ணீர்த் தட்டைச் சுற்றி ஒரு முழ வட்டம்தான் வழக்கமாக நனைந்து கட்டிபிடிக்கும். அதை மட்டும் தினம் அள்ளி எறிந்து புது உமி போட்டாலே பாதித் தொல்லை தீரும். தண்ணீர்த் தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குச் செங்கல் வைத்து ஏற்றினால் சிந்துவது குறையும். காற்றோட்டம் என்றால் குஞ்சின் மேல் நேராக வீசும் காற்றல்ல. கீழே ஒன்றரை அடி உயரத்துக்குத் தடுப்பு, அதற்கு மேலே திறப்பு என்று இருந்தால் குளிர்காற்று தாக்காமல் வாயு வெளியேறும்.

வீடு என்பதால் வரும் வேறு நஞ்சுகளும் உண்டு. கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, அடுப்புப் புகை, பினாயில், பெயின்ட் வாசனை எல்லாம் குஞ்சின் மூச்சுக்குழாயை அரிக்கக் கூடியவை. சளி பிடித்த குஞ்சுக்குச் சாம்பிராணி போடும் பழக்கம் நல்ல எண்ணத்தில் செய்யப்படும் கெடுதல். மின்வெட்டின்போது கரியடுப்பை மூட்டி அறையை அடைத்துக்கொள்வது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குஞ்சோடு அதே வீட்டில் தூங்குபவர்களையும் அது கொல்லும். ஒட்டாத பாத்திரங்களில் பூசப்படும் டெஃப்லான் மிகையாகச் சூடேறினால் வெளிவரும் புகை, மனிதருக்குப் பெரிதாகத் தெரியாத அளவிலேயே பறவைகளைச் சாகடித்துவிடும். சிலவகை வெப்ப விளக்குகளின் கண்ணாடி மேலும், உடைந்தால் சிதறாதிருக்க, இதே பூச்சு உண்டு. அத்தகைய விளக்குகளின் கீழ் விடப்பட்ட பிராய்லர் குஞ்சுகளில் பாதிக்கு மேல் மூன்று நாளில் இறந்ததாக 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வறிக்கை பதிவு செய்திருக்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்த குஞ்சுகள் புது பல்பு மாட்டியபின் திடீரென்று செத்தால் பல்பைச் சந்தேகிக்க வேண்டும்.

பூசணத்தால் வருவது புரூடர் நிமோனியா. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணத்தின் வித்துகள் நனைந்து காய்ந்த உமியிலும் கட்டிபிடித்த தீவனத்திலும் இருந்து பறந்து குஞ்சின் நுரையீரலில் முளைக்கின்றன. குஞ்சு பொரிப்பகத்தின் இன்குபேட்டரிலேயே தொற்றி வருவதும் உண்டு. குஞ்சு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். ஆனால் சத்தம் இருக்காது. கொறகொற ஒலி இல்லாத திணறல் இந்த நோய்க்கு முக்கிய அடையாளம். இறந்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் குண்டூசித் தலை அளவில் மஞ்சள் வெள்ளை முடிச்சுகள் தெரியும். குஞ்சிலிருந்து குஞ்சுக்கு இது தொற்றாது. எல்லாக் குஞ்சும் ஒரே கூளத்தை முகர்வதால்தான் கூட்டமாக விழுகின்றன. முற்றிய குஞ்சைக் காப்பாற்ற நடைமுறையில் பயன்தரும் மருந்து இல்லை. மயில்துத்தக் கரைசல் தரும் வழக்கம் இருக்கிறது. அளவு மீறினால் அதுவே நஞ்சு. கூளத்தையும் தீவனத்தையும் முழுதாக மாற்றுவதுதான் மீதிக் குஞ்சுகளைக் காக்கும் வழி. ஆன்டிபயாடிக் பூசணத்தை ஒன்றும் செய்யாது.

தொற்றுநோய்களுக்குச் சத்தம் உண்டு. இரவில் விளக்கைக் குறைத்து, குஞ்சுகள் அடங்கியபின் புரூடர் அருகே அசையாமல் நின்றால் தும்மலும் கொறகொறப்பும் தனித்தனியாகக் கேட்கும். சந்தேகமான குஞ்சைக் கையில் எடுத்து முதுகைக் காதோடு வைத்தால் சளி உருளும் ஒலி தெளிவாகும். தூள் தீவனம் தின்னும்போது ஓரிரு தும்மல் இயல்பு. லசோட்டா போன்ற உயிருள்ள தடுப்பு மருந்து கொடுத்த சில நாளில் லேசான தும்மல் வந்து தானே அடங்குவதும் உண்டு.

ஒன்றிரண்டு நாளுக்குள் புரூடர் முழுதும் தும்மினால் தொற்று மூச்சுக்குழல் அழற்சியாக இருக்கலாம். அதற்குக் காரணம் கோழிகளைத் தாக்கும் ஒருவகை கொரோனா வைரஸ். முதல் இரண்டு வாரத்தில் இது தாக்கிய பெட்டைக் குஞ்சு பிழைத்தாலும் முட்டைக்குழாய் பழுதாகி, வளர்ந்தபின் முட்டையே இடாமல் போகலாம். மெதுவாகப் பரவி, கண்ணில் நுரையும் மூக்கில் ஒழுக்கும் வாரக்கணக்கில் நீடித்தால் மைக்கோபிளாஸ்மாவால் வரும் நாள்பட்ட சுவாச நோயை நினைக்க வேண்டும். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே இது குஞ்சுக்கு வரும். இந்தக் கிருமிக்குச் செல்சுவர் இல்லாததால் பென்சிலின் வகை மருந்துகள் பலிக்காது. டைலோசின், டாக்சிசைக்ளின் போன்றவை பலன் தரும், ஆனால் கிருமியை அடியோடு ஒழிக்காது. திணறலோடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து முறுக்கல், கால் இழுப்பு சேர்ந்தால் அது வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்லப்படும் இராணிக்கெட் நோய். மருந்தில்லாத வைரஸ் நோய். தடுப்பு மட்டுமே உண்டு: ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்துக்குள் லசோட்டா, எட்டாம் வாரம் ஊசி. தடுப்பு மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைத்தால் மருந்தே செத்துவிடும். மண்ணில் மேயும் கோழியைத் தாக்கும் மூச்சுக்குழாய்ப் புழு வீட்டுக்குள் வளரும் குஞ்சுக்கு அரிது.

அறிகுறி தென்பட்ட அன்றே செய்ய வேண்டியவை சில. நோயுற்ற குஞ்சுகளைத் தனி அறைக்கு மாற்றி, நல்ல குஞ்சுகளை முதலிலும் நோயுற்றவற்றைக் கடைசியிலும் கவனிக்க வேண்டும். கூளத்தை மாற்றி மேல்திறப்பை அகலமாக்க வேண்டும். துளசி, தூதுவளை, மிளகு, மஞ்சள் எதுவும் கெடுதி செய்யாது, ஆனால் ஈரக் கூளத்துக்கு அவை மாற்று அல்ல. இரண்டு மூன்று குஞ்சு இறந்தால் நோயறிய வேகமான வழி பிணப் பரிசோதனைதான். புதிதாக இறந்த குஞ்சை ஃப்ரீசரில் உறைய வைக்காமல், இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டிப் பனிக்கட்டிமேல் வைத்து அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோகலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் இந்த வசதி உண்டு. அவசரத்துக்கு 1962 என்ற எண் இருக்கிறது. குஞ்சு சிறியது, விலை குறைவு என்பதற்காக வளர்ப்பவர் அங்கே தயங்கி நிற்க வேண்டியதில்லை. மாட்டுக்கு இருக்கும் சிகிச்சை உரிமை கோழிக்கும் உண்டு.

ஆன்டிபயாடிக் மருத்துவரின் சீட்டின் பேரில் விற்கப்பட வேண்டியது. கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிக்கும் தயாரிக்கவும் விற்கவும் மத்திய அரசு 2019-இல் தடை விதித்தது. பழைய சரக்கைக் கடைக்காரர் நீட்டினாலும் வாங்கக் கூடாது. மருந்துப் புட்டியில், கொடுத்து நிறுத்தியபின் எத்தனை நாள் கழித்து இறைச்சியையும் முட்டையையும் உண்ணலாம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அப்படிக் குறிப்பிடாத மருந்துக்கு முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்பது மருந்து விதிகளில் உள்ள கணக்கு.

குஞ்சு வாங்கும்போது பொரித்த தேதி, போட்ட தடுப்பூசி, இனம் ஆகியவை எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குவது பின்னாளில் உதவும். பொரிப்பகத்திலிருந்தே நோயோடு வந்ததாகப் பரிசோதனை அறிக்கை காட்டினால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. பிழைப்புக்கான சுயதொழிலாக வளர்த்தவரை வணிக நோக்கம் என்று காட்டி ஒதுக்க முடியாது. 1915 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். ரசீதும் பரிசோதனை அறிக்கையும் இல்லாத வழக்கு நிற்பது கடினம். தெருவில் சாயம் பூசி விற்கும் கலர் குஞ்சுக்கு இரண்டுமே கிடையாது.

உரிமைக்குப் பக்கத்திலேயே ஒரு கடமையும் இருக்கிறது. குஞ்சுகளோ பெரிய கோழிகளோ திடீரென்று கூட்டமாகச் செத்தால், முகமோ கொண்டையோ வீங்கி நீலம் பாய்ந்தால், பறவைக் காய்ச்சலா என்ற சந்தேகம் எழ வேண்டும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் முதன்முதலாக இந்தியாவில் தென்பட்ட நோய் இது. மனிதருக்கும் தொற்றக் கூடியது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 2009-இன்படி வளர்ப்பவர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும். அப்படிப்பட்ட கோழியை வீட்டில் அறுத்துப் பார்க்கக் கூடாது. நோய் உறுதியாகி அரசு அழிக்கும் கோழிகளுக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் இழப்பீடு உண்டு. மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக ஏற்கின்றன. அதற்கு முன்பே இறந்துபோனவை கணக்கில் வராது. மறைத்து வைத்துத் தாமதிப்பவர் கையிலிருக்கும் பணத்தையே இழக்கிறார்.

வளர்ப்பவரின் உடம்பும் கணக்கில் உண்டு. படுக்கையறையும் சமையலறையும் புரூடருக்கு ஏற்ற இடங்கள் அல்ல. கூளத்தை மாற்றும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலையைச் செய்யாதிருப்பது நல்லது. நோய்க்குறி இல்லாத குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கலாம் என்பதால் குழந்தைகள் குஞ்சை முத்தமிடவோ, கை கழுவாமல் சாப்பிடவோ விடக் கூடாது. இறந்த குஞ்சுகளை ஓடையிலோ குப்பைத் தொட்டியிலோ போடாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்புத் தூள் தூவிப் புதைக்க வேண்டும். அடுத்த தொகுதி வருமுன் தகரத் தடுப்பையும் தட்டுகளையும் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் நனைத்து, இரண்டு வாரம் வெயிலில் காயவிட வேண்டும். அட்டைப்பெட்டியைக் கழுவ முடியாது. அதை எரித்துவிட்டுப் புதுப்பெட்டி வாங்குவதுதான் சிக்கனம்.