சுணையும் இளைப்பும்

நெல் மூட்டை சுமந்தவர்களுக்குச் சுணை தெரியும். கழுத்தில் பட்டால் அரிக்கும், குளித்தால் போய்விடும். மூச்சோடு உள்ளே போகிற தூசியை எந்தக் குளியலும் கழுவாது.

ரைஸ் மில்லில் பறக்கும் தூசி ஒரு கலவை. உமித்தூள், தவிடு, வயல் மண், பூஞ்சை வித்து, வண்டின் எச்சம், பாக்டீரியா நச்சு எல்லாம் அதில் உண்டு. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் மறித்துக்கொள்ளும். தும்மலாகவும் சளியாகவும் அவை வெளியே வந்துவிடும். 5 மைக்ரானுக்குக் குறைந்தவை காற்றுப்பை வரை இறங்கும். தலையில் கட்டிய துண்டை இறக்கி மூக்கில் சுற்றிக்கொள்வது மில்களில் பழக்கம். அதன் நெசவுக் கண்களில் இந்தத் துகள் சுலபமாக நுழையும்.

தானியத் தூசிக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 4 மில்லிகிராம். ஓர் அரிசியை ஐந்தாக உடைத்தால் ஒரு துண்டு ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும்.

புழுங்கல் அரிசி ஆலைகளில் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். உமிச்சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. சூடு மிகுந்தால் அதில் ஒரு பகுதி படிகச் சிலிக்காவாகும். கல் உடைப்பவர்களின் நுரையீரலைத் தழும்பேற்றுவதும் படிகச் சிலிக்காதான். ஆக, மெஷின் பக்கமே போகாமல் சாம்பல் மட்டும் அள்ளுகிறவரும் தப்பவில்லை.

தெருமுனை மாவு மில்லில் கதை வேறு. அங்கே கோதுமை மாவே சிலருக்கு ஒவ்வாமையாகி ஆஸ்துமாவைக் கிளப்பும். வேலை நாளில் நெஞ்சு இறுகும், இரவில் இருமல், விடுமுறையில் லேசாகும். இந்த ஏற்ற இறக்கம்தான் துப்பு. ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் விடுமுறையிலும் இளைப்பு விடாது. அதற்குள் பழி பீடி மேல் விழுந்திருக்கும். பீடியும் கெடுக்கும்தான், ஆனால் பீடி தொடாதவருக்கும் இளைக்கிறதே!

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் எழுதிய தொழில் நோய் நூலில் தானியம் சலிப்பவர்களின் மூச்சிரைப்பைச் சொல்லியிருக்கிறார். நோயாளியிடம் "என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்கச் சொன்னவரும் அவரே. நம் வெளிநோயாளர் வரிசையில் அந்தக் கேள்விக்கு நேரமிருப்பதில்லை.

முகக்கவசம் கடைசிக் காவல்தான். தூசி கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சும் விசிறியும் குழாயும் வைப்பது மில் முதலாளியின் பொறுப்பு. காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசி மறுபடி எழும். மூக்குக்கு என்95 கவசம் வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை, இளைப்பு தெரியும் முன்பே குறையைக் காட்டிவிடும்.

மில் வேலைக்காரர்களே, இருமலுக்கு மருந்து வாங்கப் போனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்த மில், எத்தனை வருஷம், லீவு நாளில் மூச்சு எப்படி இருக்கிறது என்று.