பாடி முடித்ததும் தின்னலாம்! பாட்டுப் பெட்டியில் எத்தனை விசித்திரம்!

திண்டுக்கல்லில் இருந்து கரூர் போகும் வழியில் இருக்கிறது, வேடசந்தூர். அங்கே ஒரு பெரியவர். வயது எண்பதுக்கு மேல்.

ஒரு காலத்தில் அந்தப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மரத்தில் குழாய் கட்டுவார். பாட்டுப் போடுவார். சத்தம் கேட்ட பிறகுதான் பக்கத்து ஊர்க்காரர்கள் புறப்படுவார்கள்!

அவர் வீட்டுப் பரணில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. பார்த்தால் சூட்கேஸ். மூடியைத் திறந்தால் கிராமபோன்! சாவி கொடுத்தால் சுற்றும். மின்சாரம் வேண்டாம். அவருடைய அப்பா வாங்கியது.

"இதை விலைக்குக் கேட்டு மூணு பேர் வந்துட்டாங்க, தம்பி. பாட்டுக் கேட்கிறதுக்கு இல்லையாம். கூடத்துல அழகுக்கு வைக்கிறதுக்காம்!" என்றார்.

பாட்டுப் பெட்டியை அழகுக்கு வைக்கும் ஆசை நேற்று வந்தது அல்ல. அந்தக் கதையைக் கேளுங்கள்.

ஊமத்தம்பூ

1877-ம் ஆண்டு, அமெரிக்காவில் எடிசன் பேசும் கருவியைக் கண்டுபிடித்தார். அதில் தட்டு கிடையாது, உருளைதான். வட்டமான தட்டு, பெர்லினர் என்பவர் கொடுத்தது.

தட்டில் மெல்லிய வரி ஓடும். ஊசி அந்த வரியில் போகும்போது நடுங்கும். அந்த நடுக்கம்தான் பாட்டு. ஆனால் சத்தம் மிகச் சிறியது. அதைப் பெரிதாக்கத்தான் குழல் வைத்தார்கள். ஊமத்தம்பூ விரிந்தது போன்ற பெரிய குழல்!

பணக்கார வீடுகளில் இந்தக் குழல் இடத்தை அடைத்தது. 1906-ல் விக்டர் கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. குழலை மடக்கி, அலமாரிக்குள் ஒளித்துவிட்டது. வெளியே பார்த்தால் மர பீரோ. "விக்ட்ரோலா" என்று பெயர். விலை 200 டாலர். இரண்டு ஆண்டு கழித்து வந்த போர்டு கார் விலை 850 டாலர். நாலேகால் பெட்டியின் விலைக்கு ஒரு கார் வாங்கிவிடலாம்!

சாக்லெட் தட்டு

1903-ல் ஜெர்மனியில் ஸ்டோல்வெர்க் என்ற சாக்லெட் கம்பெனி, குழந்தைகளுக்காகத் தகரத்தில் ஒரு சின்னப் பாட்டுப் பெட்டி செய்தது. அதற்குத் தட்டு எதனால் தெரியுமா?

சாக்லெட்டால்!

பாட்டைக் கேட்கலாம். அலுத்தால் தட்டைத் தின்றுவிடலாம். எத்தனை குழந்தைகள் முழுப் பாட்டையும் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

1920-களில் ஸ்விட்சர்லாந்தில் "மிக்கிபோன்" வந்தது. பெரிய பாக்கெட் கடிகாரம் போல உருண்டையான டப்பா. குறுக்களவு சுமார் 11 சென்டிமீட்டர்தான். திறந்து, துண்டு துண்டாக இருப்பதைப் பொருத்தினால் கிராமபோன் ஆகிவிடும். டப்பாவைவிடத் தட்டு பெரியது! குடை சுற்றுவது போலத் தட்டு சுற்றும்.

ஜப்பானில் 1970-களில் எல்லாவற்றையும் தலைகீழாக்கினார்கள். தட்டு சுற்றாது, மேஜைமேல் சும்மா கிடக்கும். தீப்பெட்டி மாதிரி ஒரு பொம்மைக் கார், தட்டின் மேல் வட்டம் போட்டு ஓடும். காரின் வயிற்றில் ஊசி. அதற்குள்ளேயே ஒலிபெருக்கி. கார் ஓட ஓடப் பாட்டு வரும்!

காரும் கட்டை வண்டியும்

1956-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி, காருக்குள்ளேயே இசைத்தட்டுப் பெட்டி வைத்தது. கார் குலுங்கினால் ஊசி துள்ளும் அல்லவா? அதற்காகத் தனித் தட்டு செய்தார்கள். அகலம் 7 அங்குலம். மிகவும் மெதுவாகச் சுற்றும். ஊசி துள்ளாமல் இருக்க என்னென்னவோ ஏற்பாடு. ஆனாலும் சில ஆண்டுகளில் கைவிட்டுவிட்டார்கள்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"நாங்க மாட்டு வண்டியிலேயே பாட்டுப் போட்டுக்கிட்டுப் போனோமே! வண்டியில வைக்கோலைப் பரப்புவோம். அதுக்கு மேல தலகாணி. அதுக்கு மேலதான் பெட்டி. அப்படியும் ஊசி துள்ளிச்சுன்னா, ஊசித் தலையில ஒரு நாலணாக் காசை வைப்பேன். நின்னுடும்."

கார் கம்பெனி பட்ட பாட்டுக்கு வேடசந்தூரில் ஆன செலவு நாலணா! அந்தக் காசையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். (காசின் கனத்தால் தட்டு சீக்கிரம் தேயும் என்பது வேறு விஷயம்.)

அரக்கில் இருந்த குரல்

பழைய தட்டுகள் அரக்கால் ஆனவை. நம் நாட்டு மரங்களில் பூச்சி கட்டும் அதே அரக்குதான். கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் பாடும்.

பெரியவர் ஒரு தட்டை எடுத்துத் துடைத்தார். எஸ்.ஜி. கிட்டப்பா பாடியது.

செங்கோட்டை கிட்டப்பா 1906-ல் பிறந்தார். நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்தார். 1933-ல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 27. அவரைக் கல்யாணம் செய்துகொண்ட கே.பி. சுந்தராம்பாள், அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை 1980-ல் சாகும் வரை மாற்றவில்லை. கிட்டப்பாவின் குரல், தட்டில் மட்டுமே மிஞ்சியது.

"எங்க அப்பத்தா இதைக் கேட்டுட்டு, 'செத்தவரு எப்படிடா பாடுறாரு?'ன்னு கேட்டுச்சு. பெட்டிக்குப் பின்னாடி போயி எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டுச்சு" என்றார் பெரியவர்.

ஏமாறாதீர்கள்!

இன்று பழம்பொருள் கடைகளில் பளபளவென்று பித்தளைக் குழல் வைத்த கிராமபோன்கள் விற்கிறார்கள். எட்டு மூலைப் பெட்டி. நாய்ப் படம். பலர் ஆசையாக வாங்குகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை புதிதாகச் செய்தவை!

குழல் புதிது. பெட்டி புதிது. உள்ளே இருக்கும் இயந்திரம் மட்டும் பழையது. அது எங்கிருந்து வருகிறது? பரணில் கிடக்கும் சூட்கேஸ் கிராமபோனை உடைத்து எடுப்பது! உண்மையானதைக் கொன்று பொய்யானதைச் செய்கிறார்கள்.

பெட்டியாவது போகட்டும். கூடவே கிடக்கும் தட்டுகளைக் குப்பையில் போடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காலத்தில் நாடகக்காரர்கள் எத்தனையோ பேர் பாடினார்கள். சிலருடைய குரல் உங்கள் வீட்டுப் பரணில் மட்டுமே இருக்கலாம்.

அரக்குத் தட்டு இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் படக்கூடாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். ஜாக்கிரதை!

விண்வெளியில் ஊசி

இருப்பதிலேயே விசித்திரமான தட்டு, இந்தப் பூமியில் இல்லை. 1977-ல் அமெரிக்கா அனுப்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்க முலாம் பூசிய செப்புத் தட்டு ஒவ்வொன்று போகிறது. கேசர்பாய் கேர்கர் என்ற இந்தியப் பாடகியின் பாட்டும் அதில் உண்டு. 55 மொழிகளில் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது. தமிழ் இல்லை!

வேற்றுலகத்தார் யாராவது எடுத்தால் போட்டுக் கேட்கவேண்டுமே? அதற்காக ஊசியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். எப்படிப் போடுவது என்று மூடியில் படமும் வரைந்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் பெரியவர் எழுந்தார். உள்ளே போய் ஒரு சின்னத் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் எஃகு ஊசிகள். தட்டின் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. ஒரு பக்கம் பாடியதும் மாற்றிவிடவேண்டும்; இல்லையேல் மழுங்கிய ஊசி தட்டைக் கீறிவிடும்.

"பேரன் பட்டணத்துல வாங்கிட்டு வர்றேன்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சு" என்றார்.

டப்பாவில் ஆறு ஊசி இருந்தது.

பெரியவர் சாவியைச் சுற்றினார். கிட்டப்பா பாடினார். தெருவில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் நின்றுவிட்டார்கள்.

டப்பாவில் இப்போது ஐந்து.