வீட்டுக் கையிருப்பு

வீட்டுக் கையிருப்பு என்பது அன்றாடம் பயன்படும் பொருட்கள் தீர்ந்துபோகும்போதோ, பழுதடையும்போதோ, தொலைந்துபோகும்போதோ உடனடியாக எடுத்துப் பயன்படுத்தும் பொருட்டு, அவற்றின் மாற்றுகளை முன்கூட்டியே வீட்டில் வைத்திருக்கும் வழக்கம் ஆகும். கூடுதல் சமையல் எரிவாயு உருளை, மின்கலங்கள், மாற்றுச் சாவி, மாற்று மூக்குக் கண்ணாடி, சில நாட்களுக்கான கூடுதல் மருந்து, சில்லறைப் பணம் முதலியன இதற்கு எடுத்துக்காட்டுகள். ஒரு பொருள் இல்லாமற் போவதற்கும் அது மீண்டும் கிடைப்பதற்கும் இடைப்பட்ட காலத்தை நிரப்புவதே கையிருப்பின் பணி. அவ்வகையில் கையிருப்பு என்பது முன்னரே வாங்கி வைக்கப்பட்ட கால அவகாசம் எனலாம்.

தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் இதே வழக்கம் 'பாதுகாப்பு இருப்பு' என்ற பெயரில் கணித முறையில் ஆராயப்படுகிறது. பொறியியலில் இதனை ஒத்த கருத்து 'மிகைமை' எனப்படுகிறது. இவ்விரு துறைகளின் கருத்துக்களும் வீட்டுக் கையிருப்பை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுகின்றன.

சொல் வழக்கு

தமிழில் 'கையிருப்பு' என்ற சொல் கையில் உள்ள பணத்தையும் விற்காமல் எஞ்சியுள்ள சரக்கையும் குறிக்கும். பேச்சு வழக்கில் 'ஸ்பேர்', 'ஸ்டாக்' ஆகிய சொற்களும் பயன்படுகின்றன. இந்தியாவில் வாகனத்தின் மாற்றுச் சக்கரம் 'ஸ்டெப்னி' என்றே அழைக்கப்படுகிறது. தொடக்க கால மகிழுந்துகள் மாற்றுச் சக்கரம் இன்றியே விற்கப்பட்டன. வேல்சு நாட்டின் லனெல்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் இயங்கிய டேவிசு சகோதரர்கள் 1904 ஆம் ஆண்டில் மாற்றுச் சக்கரம் ஒன்றை அறிமுகப்படுத்தினர். காற்று நிரப்பிய டயருடன் கூடிய அந்த வளையம், காற்றிழந்த சக்கரத்தின் மீதே பொருத்தப்பட்டது. அத்தெருவின் பெயரே அப்பொருளின் பெயராகி, இந்திய மொழிகளில் இன்றும் நிலைத்துள்ளது.

மரபு வழக்கங்கள்

நெல் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டுமே விளைந்தமையால், அடுத்த அறுவடை வரையிலான தேவையைக் குதிரிலும் பத்தாயத்திலும் சேமித்து வைப்பது தமிழகத்து வேளாண் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. புளி, மிளகாய், பருப்பு ஆகியவையும் விளைச்சல் காலத்தில் மொத்தமாக வாங்கி வைக்கப்பட்டன. வற்றல், வடகம், அப்பளம் ஆகியன கோடை வெயிலில் உலர்த்தப்பட்டு, காய்கறி அரிதாகும் மழைக்காலத்துக்கென எடுத்து வைக்கப்பட்டன. உணவு நெல்லுடன் கலவாமல் விதைநெல்லைத் தனியே பாதுகாப்பது, ஒரு கையிருப்பை மற்றொரு தேவைக்குச் செலவிடக் கூடாது என்ற ஒழுங்கைக் காட்டுகிறது. குடும்பச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண்கள் அரிசிப் பானையிலும் பருப்பு டப்பாவிலும் சேர்த்து வைத்த 'சிறுவாடு' பணமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இன்றைய வீடுகளில் இதன் தெளிவான வடிவம் இரட்டை உருளை எரிவாயு இணைப்பு ஆகும். 14.2 கிலோகிராம் கொள்ளளவுள்ள இரு உருளைகளில் ஒன்று அடுப்பில் இருக்கும், மற்றது காத்திருக்கும். முதல் உருளை தீர்ந்த அன்றே அடுத்த உருளைக்குப் பதிவு செய்தால், அது வந்து சேரும் வரை சமையல் தடைப்படுவதில்லை. கிடங்கு மேலாண்மையில் இம்முறை 'இரு பெட்டி முறை' எனப்படும். எண்ணிப் பார்க்கவோ எழுதி வைக்கவோ தேவையின்றி, ஒன்று காலியாவதே வாங்குவதற்கான அறிவிப்பாக அமைவது இதன் சிறப்பு.

அளவைக் கணித்தல்

எப்போது மீண்டும் வாங்க வேண்டும் என்பதை 'மறுகொள்முதல் புள்ளி' குறிக்கிறது. அதன் எளிய சூத்திரம் பின்வருமாறு:

மறுகொள்முதல் புள்ளி = (சராசரி நாள் பயன்பாடு × வழக்கமான காத்திருப்பு நாட்கள்) + பாதுகாப்பு இருப்பு

பாதுகாப்பு இருப்பு = (அதிகபட்ச நாள் பயன்பாடு × அதிகபட்சக் காத்திருப்பு நாட்கள்) − (சராசரி நாள் பயன்பாடு × வழக்கமான காத்திருப்பு நாட்கள்)

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 10 லிட்டர் குடிநீர் பயன்படுத்துவதாகவும், 20 லிட்டர் கேன் வழக்கமாக ஒரு நாளில் வந்து சேர்வதாகவும் கொள்வோம். கோடையில் பயன்பாடு 13 லிட்டராகவும் காத்திருப்பு 3 நாட்களாகவும் உயரலாம் எனில், பாதுகாப்பு இருப்பு 39 − 10 = 29 லிட்டர் ஆகும். மறுகொள்முதல் புள்ளி 39 லிட்டர். அதாவது, ஏறத்தாழ இரண்டு கேன்கள் நிறைவாக இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிட வேண்டும்.

பயன்பாடு நாளுக்கு நாள் இயல்நிலைப் பரவலில் மாறுவதாகக் கொண்டால் மேலும் ஓர் உண்மை புலப்படும். இருப்பு தீராமல் இருக்கும் நிகழ்தகவை 95 விழுக்காடாக வைக்க, காத்திருப்புக் காலத் தேவையின் திட்ட விலக்கத்தைப் போல் ஏறத்தாழ 1.65 மடங்கு பாதுகாப்பு இருப்பு தேவைப்படும். அதனை 99 விழுக்காடாக்க 2.33 மடங்கும், 99.9 விழுக்காடாக்க 3.09 மடங்கும் தேவைப்படும். 100 விழுக்காட்டை எட்டும் அளவு என ஒன்று கணக்கில் இல்லை. எவ்வளவு சேர்த்தாலும் முழு உறுதி கிட்டாது என்பதே இதன் பொருள். 'போதும்' என்ற அளவை ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு செய்ய வேண்டியிருப்பது இதனாலேயே.

பொருட்களைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாப் பொருட்களுக்கும் மாற்று வைத்திருப்பது இயலாது, தேவையுமில்லை. பின்வரும் மூன்று கேள்விகள் தேர்வுக்கு உதவும்.

1. அப்பொருள் இல்லாவிட்டால் விளைவு என்ன?
2. மீண்டும் பெற எவ்வளவு நேரம் ஆகும்?
3. வைத்திருந்தால் கெடுமா?

அடுப்பு பற்றவைக்கும் லைட்டர் பழுதானால் தீப்பெட்டி போதும். கூடிய பார்வைக் குறைபாடு உள்ளவரின் கண்ணாடி உடைந்தால் நிலைமை வேறு. புதிய கண்ணாடி தயாராகச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை வெளியே செல்வதே இடராகும். கண்ணாடி மாற்றும்போது பழையதை எறிந்துவிடாமல் வைத்திருத்தல் செலவில்லாத கையிருப்பாகும்.

ஆஸ்துமா நோயாளிகள் பயன்படுத்தும் இன்ஹேலர் மற்றொரு எடுத்துக்காட்டு. எண்காட்டி இல்லாத வகைகளில் எத்தனை முறைக்கான மருந்து எஞ்சியுள்ளது என்பதைக் குலுக்கிப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. மூச்சுத்திணறல் வரும் வேளையில் மருந்துக்கடை திறந்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவே இதற்கு மாற்று இருத்தல் உயிர்காப்பாகும். இன்சுலினைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்வியே முதன்மையானது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைக்கப்பட வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பின் பல வகைகள் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ நான்கு வாரங்களே தாங்கும். நீண்ட மின்வெட்டில் மிகுந்த இருப்பே பெரிய இழப்பாகிவிடும்.

மாற்றுப் பொருளுக்குப் பதிலாக வேறு வழிகளும் உண்டு. இந்திய அரசு 2020 ஆம் ஆண்டில் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, டியூப் இல்லாத டயர்களும், காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பும், பஞ்சர் ஒட்டும் கருவிகளும் கொண்ட சிறு பயணியர் வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. முன்னறிவிப்பும் பழுது நீக்கும் வசதியும் இருப்பின், மாற்றுப் பொருளின் தேவை குறைகிறது என்பதை இது காட்டுகிறது.

பொதுக் காரணத்தால் செயலிழத்தல்

ஒரு பொருள் பழுதாகும் நிகழ்தகவு நூற்றில் ஒன்று எனில், அத்தகைய இரு பொருட்களும் ஒரே வேளையில் பழுதாகும் நிகழ்தகவு பத்தாயிரத்தில் ஒன்று ஆகும். ஆயினும், இரண்டும் ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே இக்கணக்கு பொருந்தும். ஒரே கொத்தில் கோத்த இரு சாவிகளில் ஒன்று தொலைந்தால் மற்றதும் தொலையும். பூட்டிய வீட்டின் உள்ளே இருக்கும் மாற்றுச் சாவி, வெளியே நிற்பவருக்குப் பயன்படாது. நம்பிக்கைக்குரிய உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ ஒரு சாவியைக் கொடுத்து வைப்பதன் காரணம் இதுவே.

இதன் பெரிய அளவிலான எடுத்துக்காட்டு 2011 மார்ச் 11 அன்று சப்பானில் நிகழ்ந்தது. நிலநடுக்கத்தால் புக்குசிமா டாய்ச்சி அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் தடைப்பட்டபோது, மாற்று ஏற்பாடான டீசல் மின்னாக்கிகள் இயங்கத் தொடங்கின. அவற்றுள் பல கட்டடங்களின் அடித்தளத்தில் அமைந்திருந்தன. தொடர்ந்து வந்த ஆழிப்பேரலை நீர் புகுந்ததால் அவை செயலிழந்தன. மாற்றுகளின் எண்ணிக்கை அங்கு குறையவில்லை. அவை இருந்த இடமே குறையாயிற்று.

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் ஏற்பட்ட வெள்ளத்தின்போதும் மின்சாரம், கைப்பேசித் தொடர்பு, பணம் வழங்கும் இயந்திரங்கள், பால் வழங்கல் ஆகியன பல பகுதிகளில் ஒரே வேளையில் தடைப்பட்டன. தரைத்தளத்தில் வைக்கப்பட்ட பொருட்கள் வீட்டுடன் சேர்ந்து நீரில் மூழ்கின. வெள்ளம் புகக்கூடிய பகுதிகளில் கையிருப்பை உயரமான பரணிலோ மேல்தளத்திலோ வைப்பது நன்று.

சுழற்சி முறை

பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பொருளும் மூப்படைகிறது. கார மின்கலங்கள் நாளடைவில் கசிந்து, தாம் இருக்கும் கைவிளக்கையே கெடுத்துவிடக் கூடும். லித்தியம் அயனி மின்கலம் முற்றிலும் மின்னேற்றம் இழந்த நிலையில் நெடுநாள் கிடந்தால் பயனற்றுப் போகலாம். ஓடாத டயரின் இரப்பரும் காலப்போக்கில் இறுகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரிக்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 எனில் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் ஆகும்.

பணமும் இதற்கு விலக்கல்ல. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது, பல பெண்கள் குடும்பத்தாருக்கும் தெரியாமல் சேர்த்து வைத்திருந்த சிறுவாடு பணத்தை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

இக்குறையைத் தவிர்க்க, முதலில் வந்ததை முதலில் பயன்படுத்தும் முறை கையாளப்படுகிறது. புதிதாக வாங்கியதைப் பின்வரிசையில் வைத்து, முன்வரிசையில் உள்ளதை எடுப்பது இதன் எளிய வடிவம். பேரிடர்கள் மிகுந்த சப்பானில், இது 'சுழல் இருப்பு' என்னும் பொருள்படும் பெயரில் பரவலாக அறிவுறுத்தப்படுகிறது. பேரிடருக்கெனத் தனி உணவு வாங்கிப் பூட்டி வைக்காமல், அன்றாடம் உண்பதையே சற்றுக் கூடுதலாக வாங்கி, உண்ட அளவுக்கு மீண்டும் நிரப்புவதே இம்முறை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் நீர் வீதம் குறைந்தது 3 நாட்களுக்கும், இயன்றால் ஒரு வாரத்துக்கும் வைத்திருக்குமாறு அங்கு பரிந்துரைக்கப்படுகிறது.

மன நிம்மதி

கையிருப்பின் பயன் அது பயன்படும் நாளில் மட்டும் கிடைப்பதன்று. எது எப்போது தீரும் என்று ஓயாமல் நினைவில் வைத்திருக்கும் சுமையை அது குறைக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் இச்சுமையைப் பெரும்பாலும் பெண்களே சுமக்கின்றனர். கையிருப்பு எங்கே உள்ளது, எவ்வளவு உள்ளது என்பதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருந்தால் மட்டுமே அந்நிம்மதி அனைவருக்கும் உரியதாகும். ஒருவர் மட்டுமே அறிந்த கையிருப்பு, அவர் வீட்டில் இல்லாத நாளில் இல்லாததற்குச் சமம்.

கையிருப்பு வேறு, பதுக்கல் கோளாறு வேறு. பயன் இல்லாத பொருட்களையும் கைவிட முடியாமல், வாழுமிடம் புழங்க இயலாத அளவுக்குச் சேர்ப்பது 2013 இல் வெளியான அமெரிக்க உளநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தனிக் கோளாறாகச் சேர்க்கப்பட்டது.

பீதிக் கொள்முதல்

தட்டுப்பாடு வரும் என்ற அச்சத்தால் பலரும் ஒரே வேளையில் மிகுதியாக வாங்குவது பீதிக் கொள்முதல் எனப்படும். 1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது சப்பானில் கழிவறைத் தாளுக்கு மக்கள் முண்டியடித்தனர். அதே ஆண்டு டிசம்பரில், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் சானி கார்சன் கழிவறைத் தாள் தட்டுப்பாடு குறித்து நகைச்சுவையாகக் கூறியதைத் தொடர்ந்து அங்கும் கடைகள் காலியாயின. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றின் தொடக்கத்திலும் இது பல நாடுகளில் மீண்டும் நிகழ்ந்தது. தட்டுப்பாடு வரும் என்ற நம்பிக்கையே தட்டுப்பாட்டை உண்டாக்கும் இத்தகைய நிகழ்வைச் சமூகவியலாளர் இராபர்ட் மெர்ட்டன் 1948 இல் 'தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் முன்கணிப்பு' என்று விளக்கினார்.

இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு வாங்கும் காலம் ஆகும். கடைகளில் பொருள் நிறைந்திருக்கும் நாட்களில் சிறிது சிறிதாகச் சேர்த்த குடும்பம், நெருக்கடி நாளில் வரிசையில் நிற்பதில்லை. அன்று கடையில் இருப்பது மற்றவர்களுக்குக் கிடைக்கிறது.

எல்லைகள்

கையிருப்பு வைக்கப் பணமும் இடமும் வேண்டும். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் அன்றைய தேவையை அன்றே வாங்குகிறது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சிறு பொதிகளில் விற்பனை செய்து பரவலாக்கிய சாம்பு போன்றவை, மொத்தமாக வாங்க இயலாதோரையும் நுகர்வோராக்கின. எனினும் சிறு பொதியில் வாங்குபவரிடம் இருப்பு சேர்வதில்லை. இத்தகைய குடும்பங்களுக்கு நியாயவிலைக் கடையும், அதன் பின்னுள்ள அரசின் தானியக் கிடங்கும், அண்டை வீட்டாரிடம் பெறும் கைமாற்றுமே கையிருப்பாக விளங்குகின்றன.

மேலும், கையிருப்பு இடைவெளியை நிரப்புமே தவிர, வழங்கலுக்கு ஈடாகாது. 2022 ஆம் ஆண்டு இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு, எரிபொருள், பால்மா, மருந்து ஆகியவற்றின் தட்டுப்பாடு மாதக்கணக்கில் நீடித்தபோது, வீடுகளில் இருந்த இருப்பு விரைவில் தீர்ந்தது. அவ்வாண்டு எரிபொருளுக்கு வாராந்தர அளவு விதித்து, கியூஆர் குறியீட்டின் மூலம் வழங்கும் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. குறுகிய தடைகளுக்கு வீட்டுக் கையிருப்பும், நெடிய தட்டுப்பாட்டுக்குப் பொதுப் பங்கீடும் உரிய வழிகளாகும்.

இவற்றையும் பார்க்க

சரக்கு மேலாண்மை
பேரிடர் மேலாண்மை
நிகழ்தகவு
திட்ட விலக்கம்
பொது விநியோகத் திட்டம்