அடிபம்பும் தலைப்புச் செய்திதான்

கிராமத்து அடிபம்பு ரிப்பேராகி மாதக்கணக்கில் கிடப்பது செய்தியா? லக்னோவிலோ தில்லியிலோ உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு அல்ல. குடத்தோடு அலைகிறவர் கையிலேயே ஆசிரியர் பொறுப்பும் இருந்தால் அது முதல் பக்கத்துக்கு வந்துவிடும்.

உத்தரப் பிரதேசத்தின் வறண்ட புந்தேல்கண்டில், சித்திரகூட மாவட்டத்தில் 2002-ல் அப்படித்தான் பிறந்தது கபர் லஹரியா. 'செய்தி அலைகள்' என்று பொருள். மொழி, பெரிய பத்திரிகைகள் சீண்டாத புந்தேலி. தலித், பழங்குடி, முஸ்லிம் பெண்களே நிருபர்கள். பக்கம் அமைத்ததும், விற்றதும் அவர்களே. தில்லியைச் சேர்ந்த நிரந்தர் என்ற தொண்டு நிறுவனம் பயிற்சி கொடுத்துத் தூக்கிவிட்டது.

அவர்களில் ஒருவர் கவிதா. 12 வயதில் கல்யாணம். படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். அவரே பின்னால் தலைமை ஆசிரியர். எடிட்டர்ஸ் கில்ட் ஆஃப் இந்தியாவின் முதல் தலித் உறுப்பினரும் அவர்தான். கில்ட் தொடங்கியது 1978-ல் என்பதை நினைத்துப் பார்த்தால் இது பெருமையா, வெட்கமா என்று தெரியவில்லை.

பெருநகரங்களின் கதை வேறு. அங்கே பெண் நிருபர்களுக்குப் பஞ்சமில்லை. மிருணாள் பாண்டே ஹிந்துஸ்தான் நாளிதழுக்கே ஆசிரியராக இருந்தார். ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம். நியூஸ்லாண்ட்ரியும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தலைமைப் பொறுப்பில் பெண்கள் மிகக் குறைவாக இருந்தது செய்தித்தாள்களில்தான். இணையதளங்கள் எவ்வளவோ தேவலை. இரவுப் பணி, பாதுகாப்பு என்று காலம்காலமாகச் சொல்லப்படும் காரணங்கள் சித்திரகூடத்தில் எடுபடவில்லை. ஆபத்து அங்கேதான் அதிகம். 2015-ல் ஓர் ஆசாமி மாதக்கணக்கில் போனில் ஆபாசமாகப் பேசி இந்த நிருபர்களை மிரட்டினான். போலீஸ் அசையவில்லை. நடந்ததை அவர்களே எழுதி வெளியிட்ட பிறகுதான் கைது.

யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது 2009-லேயே வந்துவிட்டது. அச்சுப் பத்திரிகை பின்னர் நின்று, செல்போன் வீடியோவுக்கு மாறியது. அந்த மாற்றத்தைப் படம்பிடித்த 'ரைட்டிங் வித் ஃபயர்' 2022-ல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. சாதாரணமாக யாரும் இனிப்பு வழங்கிக் கொண்டாடியிருப்பார்கள். இந்தப் பெண்களோ விழாவுக்குச் சில நாட்கள் முன்பு ஓர் அறிக்கை விட்டார்கள். உருக்கமான படம்தான், ஆனால் ஒரே ஒரு கட்சியைப் பற்றியே எழுதும் பத்திரிகைபோல எங்களைக் காட்டியிருப்பது சரியல்ல, எங்கள் வேலையில் அது ஒரு பகுதி மட்டுமே என்பது சாரம்.

ஆஸ்கர் வாசலில் நின்றுகொண்டு அவர்கள் செய்தது, தினமும் தங்கள் அலுவலகத்தில் செய்துவந்த அதே பிழைதிருத்தும் வேலை.