ஆரணியின் வரலாற்றுக் கட்டடங்கள்

ஆரணி தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ள நகரமாகும். ஆற்காட்டிற்குத் தெற்கே அமைந்த இவ்வூர், புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுச் சேலைகளால் பரவலாக அறியப்படுகிறது. கோட்டை, நினைவுத்தூண், சாகிர்தார் அரண்மனைகள், கோயில்கள், நெசவாளர் தெருக்கள் ஆகியன இந்நகரின் வரலாற்றை எடுத்துக்காட்டும் முதன்மைச் சின்னங்களாகும்.

ஆரணிக் கோட்டை

நகரின் நடுவே அமைந்துள்ள இக்கோட்டை அகழியும் மண்மேடும் கொண்டதாகும். செஞ்சிக் கோட்டை மலைகளின் உயரத்தால் காவல் பெற்றது. ஆரணியோ சமவெளியில் உள்ளது. ஆகவே இங்கு அகழியே முதற் காவலாக விளங்கியது. ஆற்காட்டையும் செஞ்சியையும் கைப்பற்ற முயன்ற படைகளின் வழியில் இருந்தமையால், இக்கோட்டை கருநாடகப் போர்களில் சிறப்பிடம் பெற்றது.

1751ஆம் ஆண்டு நவம்பரில் ஆற்காட்டு முற்றுகை முடிவுற்றதும், பின்வாங்கிய ராசா சாகிபின் படையை ராபர்ட் கிளைவ் பின்தொடர்ந்தார். மராத்தியக் குதிரைப்படையின் துணையுடன் டிசம்பர் 3 அன்று ஆரணிக்கு அருகில் நடந்த போரில், பிரெஞ்சுத் துணை பெற்ற அப்படையை அவர் தோற்கடித்தார். இதன் பின்னர் ஆரணிக் கோட்டைத் தலைவர் நவாபு முகமது அலியின் பக்கம் சேர்ந்தார்.

இரண்டாம் ஆங்கில-மைசூர்ப் போரின்போது ஐதர் அலி தம் படைக்கான பொருள்களை இக்கோட்டையில் சேமித்து வைத்திருந்தார். அதனைக் கைப்பற்ற வந்த அயர் கூட்டின் படைக்கும் ஐதர் அலியின் படைக்கும் 1782 சூன் 2 அன்று போர் மூண்டது. ஆங்கிலேயரால் கோட்டையைப் பிடிக்க இயலவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஐதர் அலி மறைந்தார்.

கெல்லி நினைவுத்தூண்

1790ஆம் ஆண்டு ஆரணியில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ராபர்ட் கெல்லியின் நினைவாகக் கோட்டைப் பகுதியில் உயர்ந்த தூண் ஒன்று எழுப்பப்பட்டது. கெல்லி போர்வீரர் மட்டும் அல்லர். தென்னிந்திய நிலப்பகுதிகளை முறையான வரைபடத் தொகுதியாக்கும் திட்டத்தை முன்வைத்தவரும் ஆவார். இவர் இருவர் போட்டிச் சண்டையில் மாண்டார் என்ற கதை மக்களிடையே வழங்குகிறது. எனினும் மூன்றாம் மைசூர்ப் போருக்குப் படைகள் திரண்ட காலத்தில் இவர் இறந்தார் என்பது கருதத்தக்கது.

சாகிர்தார் அரண்மனைகள்

17ஆம் நூற்றாண்டில், சிவாசியின் தந்தை சாகாசியிடம் பணியாற்றிய வேதாசி பாசுகர் பந்த் என்னும் மராத்திய அந்தணரின் குடும்பத்தினர் ஆரணிச் சாகிரைப் பெற்றனர். இவர்களின் அரண்மனை ஆரணியை அடுத்த சத்தியவிசயநகரத்தில் உள்ளது. இவ்வூரின் பெயர், உத்தராதி மடத்தின் தலைவராக விளங்கிய சத்தியவிசய தீர்த்தரைக் குறிப்பதாகும். அவரது பிருந்தாவனம் இங்குள்ளது.

பூசிமலைக்குப்பம் காட்டுப்பகுதியில் உள்ள மற்றொரு அரண்மனை மேலைநாட்டுக் கட்டடக்கலைச் சாயல் கொண்டது. சாகிர்தார் ஒருவர் தம் ஆங்கிலேய மனைவிக்காக இதனைக் கட்டினார் என்று இப்பகுதி மக்கள் கூறுவர்.

கோயில்கள்

கைலாசநாதர் கோயில், வேம்புலியம்மன் கோயில், புத்திரகாமேட்டீசுவரர் கோயில் ஆகியன குறிப்பிடத்தக்கவை. இராமாயணத் தசரதன் மகப்பேறு வேண்டி வேள்வி செய்த இடம் இது என்பது புத்திரகாமேட்டீசுவரர் கோயிலின் தலபுராணச் செய்தியாகும். இன்றும் குழந்தைப்பேறு வேண்டுவோர் இங்கு வழிபடுகின்றனர்.

நெசவாளர் தெருக்கள்

செங்குந்தர், சௌராட்டிரர் முதலிய நெசவுச் சமூகத்தினர் வாழும் தெருக்களும் வரலாற்றுச் சிறப்புடையன. குழித்தறிக்குத் தரையில் பள்ளம் வேண்டும். நெய்பவர் அதனுள் கால்களை வைத்து மிதிகளை இயக்குவார். எனவே இத்தகைய வீடுகளில் தறியின் இடத்தைப் பொறுத்தே மற்ற அறைகள் அமைந்தன. பல கெச நீளமுள்ள பாவை நீட்டிப் பதப்படுத்த வீட்டினுள் இடம் போதாமையால், தெருவே தொழிற்கூடமாகவும் பயன்பட்டது.

பாதுகாப்பு நிலை

1948ஆம் ஆண்டின் சென்னை எசுட்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் பழைய நில உரிமை முறைக்கு முடிவு கட்டியது. நில வருவாயைச் சார்ந்திருந்த அரண்மனைகள் தம் ஆதரவை இழந்தன. கோயில்களுக்கு இந்நிலை நேரவில்லை. அன்றாட வழிபாடும் குடமுழுக்குத் திருப்பணியும் அவற்றைப் புதுப்பித்து வருகின்றன. மண்ணால் ஆன கோட்டை அரண் மழையாலும் மண் எடுப்பதாலும் எளிதில் கரையக்கூடியது. கல்லில் கட்டியவை இடிந்தாலும் தடயம் எஞ்சும். மண்மேடு சமன் செய்யப்பட்டால் கோட்டை இருந்த எல்லையே தெரியாமற் போகும். விசைத்தறியின் வருகையால் குழித்தறி வீடுகளும் மாறி வருகின்றன. இவற்றை அளந்து, படம் எடுத்து, ஆவணப்படுத்துதல் ஆரணியின் வரலாற்றை அறிய இன்றியமையாதது.