பட்டுப்புழு மனைக்கு மலிவான ஈரப்பதமானி: நம்பும் முன் சோதியுங்கள்

பட்டுப்புழு வளர்ப்பில் இலைக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியவை மனையின் வெப்பமும் காற்றின் ஈரப்பதமுமே ஆகும். முதல் பருவப் புழுக்களுக்கு 27 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 85 முதல் 90 சதவிகித ஈரப்பதமும் தேவை. புழு வளர வளர இரண்டையும் படிப்படியாகக் குறைத்து, ஐந்தாம் பருவத்தில் 24 முதல் 25 டிகிரியும், ஏறத்தாழ 70 சதவிகிதமும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஈரப்பதம் மிகுந்தால், புழுக்கள் விறைத்துச் சுண்ணக்கட்டி போல வெளுத்துவிடும் பூசண நோய் எளிதில் பரவும். மிகவும் குறைந்தால் மல்பெரி இலை வாடி, புழுக்கள் போதிய அளவு உண்ணாமல் மெலியும்.

இவற்றை அளக்க ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைப் பயன்படுத்துவது வழக்கம். இப்போது விவசாயக் குடும்பங்களில் படிக்கும் பிள்ளைகள் பலர் பொழுதுபோக்காக அர்டுயினோ போன்ற சிறு மின்னணுப் பலகைகளைக் கொண்டு கருவிகள் செய்கின்றனர். அப்பலகையுடன் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சென்சார் ஒன்றை இணைத்தால், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எண்களாகவே காணலாம். ஆனால் எண் தெளிவாகத் தெரிவதனாலேயே அது சரியான எண் ஆகிவிடாது.

எந்தச் சென்சார் ஏற்றது?

நீல நிறப் பெட்டியில் வரும் டி.எச்.டி.11 வகை மிக மலிவானது. இது 20 முதல் 90 சதவிகிதம் வரையே ஈரப்பதத்தை அளக்கும். இதில் ஈரப்பதம் 5 சதவிகிதமும், வெப்பம் 2 டிகிரியும் கூடவோ குறையவோ காட்டலாம். இளம்புழு மனைக்குத் தேவையான ஈரப்பதம் இக்கருவியின் எல்லையிலேயே இருப்பதால், அங்கு இது ஏற்றதன்று. வெள்ளைப் பெட்டியில் வரும் டி.எச்.டி.22 வகை சற்று விலை கூடியது. வெப்பத்தை அரை டிகிரி வித்தியாசத்திற்குள் காட்டும். ஈரப்பதத்தில் 2 முதல் 5 சதவிகிதம் வரை பிழை வரலாம். மனைக்கு இதனையே தேர்ந்தெடுப்பது நல்லது.

சென்சாரின் செய்திக் கம்பிக்கும் மின்சாரக் கம்பிக்கும் இடையே 4,700 முதல் 10,000 ஓம் வரையிலான ரெசிஸ்டர் ஒன்றை இணைக்க வேண்டும். மூன்று கால்களுடன் சிறு பலகையில் பொருத்தி வரும் சென்சார்களில் பெரும்பாலும் இது முன்னரே இருக்கும். அளவுகளுக்கு இடையே குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி விடுதல் வேண்டும்.

இச்சென்சார் ஒவ்வொரு முறை செய்தி அனுப்பும்போதும், இறுதியில் சரிபார்ப்பு எண் ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறது. கம்பியில் வரும்போது செய்தி சிதைந்திருந்தால் இவ்வெண் காட்டிக்கொடுக்கும். ஆனால் சென்சாரே 88 சதவிகிதத்தை 75 என்று தவறாக அளந்திருந்தால், அதை இவ்வெண் கண்டுபிடிக்காது. அதை நம்பிச் சன்னல்களை மூடிவைக்கும் விவசாயி, தம் மனையில் நோய்க்குத் தாமே இடம் கொடுத்தவர் ஆவார்.

உப்புச் சோதனை

இதற்கு வீட்டு உப்பே போதும். ஒரு சிறு மூடியில் இரண்டு கரண்டி தூள் உப்பை இட்டு, ஈர மணல் போல ஆகும்வரை சொட்டுச் சொட்டாக நீர் விடவும். உப்பின்மேல் நீர் தேங்கக் கூடாது. இதனையும் சென்சாரையும் காற்றுப் புகாத சிறு டப்பாவில் வைத்து மூடவும். உப்பு சென்சார் மீது படாமல் பார்த்துக்கொள்ளவும். கம்பி செல்லும் துளையை மெழுகால் அடைத்து, வெயில் படாமலும் வெப்பம் அதிகம் மாறாமலும் உள்ள இடத்தில் ஓர் இரவு வைக்கவும்.

உப்பு கரைந்து நிறைந்த நீருக்கு மேலுள்ள காற்றில், சாதாரண அறை வெப்பத்தில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவிகிதமாக நிலைத்து நிற்கும். இது இயற்கையின் விதி. மறுநாள் காலையில் சென்சார் 82 காட்டினால், அது 7 கூட்டிக் காட்டுகிறது என்று பொருள். அந்த 7-ஐக் கழித்துக் கொள்ளவோ, கருவியின் நிரலிலேயே திருத்தவோ செய்யலாம். வித்தியாசம் 10-க்கு மேல் இருந்தால் அச்சென்சாரை மாற்றிவிடுவதே மேல். வளர்ந்த புழுக்களுக்கு வேண்டிய ஈரப்பதமும் 75-ஐ ஒட்டியே இருப்பதால், அங்கு இச்சோதனை பெரிதும் பயன்படும்.

மனையில் கவனிக்க வேண்டியவை

சென்சாரைத் தாங்கியின் நடு அடுக்கின் உயரத்தில், புழுப் படுக்கைக்கு அருகில் தொங்கவிடவும். சுவர், கதவு, கூரைத் தகடு, ஈரச்சாக்கு ஆகியவற்றை ஒட்டி வைத்தால் அவ்விடத்தின் அளவையே அது காட்டும். மின்னணுப் பலகையின் சூடும் அதனைத் தாக்கக் கூடாது.

மனையைப் பார்மலின், பிளீச்சிங் பவுடர் போன்றவற்றால் கிருமி நீக்கம் செய்யும் முன் சென்சாரைத் தவறாமல் வெளியே எடுத்துவிட வேண்டும். இவற்றின் ஆவி ஈரத்தை உணரும் பகுதியைக் கெடுத்துவிடும். படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவும்போதும் அது படாதவாறு மூடிவைக்கவும். அதிக ஈரத்திலேயே நாட்கணக்கில் இருந்தாலும் அளவு மெல்ல விலகும். ஆகவே ஒவ்வொரு வளர்ப்பு தொடங்குமுன்னும் உப்புச் சோதனையைத் திரும்பச் செய்து, தேதியுடன் குறித்து வைத்தல் நலம்.

புதிய கருவி வந்துவிட்டதென்று பழைய ஈரக்குமிழ் வெப்பமானியை எடுத்துவிட வேண்டாம். அதன் திரியைத் தூய்மையாகவும் ஈரமாகவும் வைத்து, காலையும் மாலையும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவும். இரண்டும் ஒத்துப்போகும் வரை, சென்சாரை நம்பி மின்விசிறியையோ ஈரமூட்டும் கருவியையோ தானாக இயங்கவிடுதல் கூடாது. சோதித்தறிந்த சென்சார் இரவெல்லாம் விழித்திருந்து மனையைக் காக்கும். சோதிக்காத சென்சாரை நம்பினால் ஒரு வளர்ப்பின் கூடு முழுவதையும் இழக்க நேரிடலாம்.