செல்லப்பிராணி உணவுப் பை

செல்லப்பிராணி உணவுப் பை என்பது நாய், பூனை முதலிய வளர்ப்பு விலங்குகளுக்காகத் தொழிற்சாலைகளில் தயாரிக்கப்படும் உணவை அடைத்து விற்கப் பயன்படும் காகித அல்லது நெகிழிப் பை ஆகும். உணவைத் தாங்குவது மட்டும் இதன் பணி அன்று. உணவிலுள்ள கொழுப்பை வெளியே கசியவிடாமலும், காற்றிலுள்ள ஆக்சிசன், ஈரப்பதம், பூச்சிகள் ஆகியவற்றை உள்ளே விடாமலும் இது தடுக்க வேண்டும். எல்லாப் பணிகளையும் சிறப்பாகச் செய்யக்கூடிய ஒற்றைப் பொருள் இல்லாததால், பெரும்பாலான பைகள் பல அடுக்குகளைக் கொண்டு செய்யப்படுகின்றன.

வரலாறு

1860களில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் இங்கிலாந்தில் நாய்களுக்கான பிஸ்கட்டுகளை வணிக முறையில் விற்கத் தொடங்கினார். பின்னர் தகரக் குவளைகளில் அடைக்கப்பட்ட இறைச்சி உணவு பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்காவில் தகரத்தின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதால், உற்பத்தியாளர்கள் காகிதத்தில் அடைக்கத்தக்க உலர் உணவின்பால் திரும்பினர். 1957ஆம் ஆண்டில் புரினா நிறுவனம், மாவுக் கலவையை அழுத்தத்திலும் வெப்பத்திலும் அச்சு வழியே பிதுக்கிச் செய்த உலர் உணவை அறிமுகப்படுத்தியது. இம்முறை பரவியபின் பல அடுக்குக் காகிதப் பையே இத்துறையின் பொதுவான கொள்கலன் ஆயிற்று. நெகிழிப் படலப் பைகளும் நெய்த பாலிபுரோப்பிலீன் பைகளும் பின்னர் வந்தவை.

உணவின் இயல்பும் பையின் தேவையும்

உலர் உணவில் ஏறத்தாழ 10 விழுக்காடு ஈரம் மட்டுமே இருக்கும். இந்த அளவில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வளர இயலாது. எனவே இவ்வுணவு கெடுவதற்கு முதன்மையான காரணம் நுண்ணுயிர் அன்று, கொழுப்பே ஆகும். சுவைக்காகவும் ஆற்றலுக்காகவும் உணவுத் துண்டுகளின் மேல் கொழுப்பு தெளிக்கப்படுகின்றது. மேற்பரப்பில் பரவியுள்ள இக்கொழுப்பு ஆக்சிசனுடன் வினைபுரிந்து காறிப்போகின்றது. காறிய உணவை விலங்குகள் உண்ண மறுக்கலாம். உயிர்ச்சத்து ஏ, உயிர்ச்சத்து ஈ ஆகியவையும் இவ்வினையில் அழிகின்றன. டோக்கோஃபெரால் போன்ற ஆக்சிசனேற்றத் தடுப்பிகள் இதைத் தாமதப்படுத்துமே தவிர, முற்றிலும் நிறுத்துவதில்லை.

ஈரம் புகுந்தால் நிலைமை மாறும். உணவுத் துண்டுகள் மொறுமொறுப்பை இழப்பதுடன், பூஞ்சை வளரவும் இடம் ஏற்படும். ஆகவே வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் விற்கப்படும் பைக்கு, குளிர் நாடுகளில் விற்கப்படும் பையைவிடக் கூடுதலான தடுப்புத் திறன் தேவைப்படுகின்றது.

பையின் அளவும் இதில் பங்கு கொள்கின்றது. ஒரே வடிவமுள்ள இரு பைகளில் ஒன்று மற்றதைவிட எட்டு மடங்கு உணவு கொள்ளுமானால், அதன் மேற்பரப்பு நான்கு மடங்கு மட்டுமே இருக்கும். ஒரே பொருளால் செய்யப்பட்டிருந்தால், சிறிய பையில் ஒரு கிலோகிராம் உணவை அடையும் ஆக்சிசன் பெரிய பையில் உள்ளதைப் போல் இரு மடங்காகும். சிறிய பைகளுக்குச் சிறந்த படலங்கள் பயன்படுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொருட்கள்

கிராஃப்ட் காகிதம்: நீண்ட மர இழைகளாலான வலிமையான காகிதம். பெரிய பைகளில் இரண்டு முதல் நான்கு அடுக்குகள் வரை இருக்கும். காகிதம் மட்டும் இருந்தால் கொழுப்பு ஊறி வெளிப்புறத்தில் கறையாகத் தெரியும். இதனைத் தடுக்க உள்ளடுக்காகப் பாலித்தீன் படலம் சேர்க்கப்படுகின்றது, அல்லது காகிதம் எண்ணெய் ஒட்டாதவாறு பதப்படுத்தப்படுகின்றது. இப்பதப்படுத்தலுக்கு நெடுங்காலம் பயன்பட்டவை பிஎஃப்ஏஎஸ் எனப்படும் புளோரின் சேர்மங்கள் ஆகும். இவை இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. இவற்றைக் கொண்ட எண்ணெய்த் தடுப்புப் பொருட்கள் உணவுப் பொதிகளுக்காக இனி அமெரிக்காவில் விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் அறிவித்தது. செல்லப்பிராணி உணவுப் பைகளும் அவ்வறிவிப்பில் குறிப்பிடப்பட்டன.

நெய்த பாலிபுரோப்பிலீன்: பாலிபுரோப்பிலீன் படலத்தை நாடாக்களாக வெட்டி, இழுத்து வலுவேற்றி, துணிபோல் நெய்யப்படுவது. உர மூட்டைகளிலும் அரிசி மூட்டைகளிலும் காணப்படுவதும் இதுவே. இதன்மேல் அச்சிட்ட பாலிபுரோப்பிலீன் படலம் ஒட்டப்படுகின்றது. எளிதில் கிழியாததாலும் நனைந்தாலும் வலிமை குன்றாததாலும் 15 முதல் 20 கிலோகிராம் வரையான பைகளுக்கு இது ஏற்றதாகும்.

நெகிழிப் படல அடுக்குகள்: வெளியே பாலியெஸ்டர், உள்ளே பாலித்தீன் என்பது எளிய அமைப்பு. பாலியெஸ்டர் விறைப்பையும் பளபளப்பையும் தருகின்றது. பாலித்தீன் வெப்பத்தால் ஒட்டி மூட உதவுகின்றது. அச்சு இவ்விரண்டுக்கும் இடையே அமைவதால் மை உரிவதுமில்லை, உணவைத் தொடுவதுமில்லை. பாலித்தீன் நீராவியை நன்கு தடுக்கும், ஆனால் ஆக்சிசனைத் தடுப்பதில் மிகவும் பின்தங்கியது. 25 மைக்ரான் தடிப்புள்ள ஒரு சதுர மீட்டர் பாலித்தீன் படலத்தின் வழியே நாளொன்றுக்குப் பல ஆயிரம் கன சென்டிமீட்டர் ஆக்சிசன் ஊடுருவும். அதே தடிப்புள்ள பாலியெஸ்டரில் இது சில பத்துகளே. எத்திலீன் வினைல் ஆல்ககால் படலத்தில், உலர்ந்த நிலையில், ஒன்றுக்கும் குறைவு. ஆனால் இப்படலம் ஈரம் பட்டால் தடுப்புத் திறனை இழக்கும் என்பதால் பாலித்தீன் அடுக்குகளுக்கு நடுவே வைக்கப்படுகின்றது.

அலுமினியம்: மெல்லிய அலுமினியத் தாள் ஒளி, ஆக்சிசன், ஈரம் மூன்றையும் தடுக்கின்றது. ஈர உணவு அடைக்கும் பைகளில் பாலியெஸ்டர், அலுமினியம், பாலிபுரோப்பிலீன் ஆகிய அடுக்குகள் உண்டு. இப்பைகள் மூடப்பட்டபின் ஏறத்தாழ 121 பாகை செல்சியசில் வேகவைக்கப்பட்டு நுண்ணுயிர் நீக்கம் செய்யப்படுகின்றன.

வடிவமைப்பு

பெரிய பைகளின் பக்கங்கள் உள்நோக்கி மடிக்கப்பட்டிருக்கும். உணவு நிரம்பும்போது அவை விரிந்து பை செங்கல் வடிவம் பெறும். சிறிய பைகளின் அடிப்பகுதி, தாமாக நிற்கும்படி மடித்து ஒட்டப்படுகின்றது. அடுக்கி வைக்கும்போது வழுக்கி விழாமலிருக்க, வெளிப்பரப்பில் சொரசொரப்பான பூச்சு இடப்படுவதுண்டு.

மூடும் முறை முக்கியமானது. நூலால் தைத்த பையில் ஊசி துளைத்த ஒவ்வொரு இடமும் பூச்சிகளுக்கு வாயிலாகலாம். சிவப்பு மாவு வண்டு போன்றவை இருக்கும் இடுக்குகள் வழியே நுழைகின்றன. மாவு அந்துப்பூச்சியின் புழுக்கள் மெல்லிய படலத்தைக் கடித்துத் துளைக்கவும் வல்லவை. இதனால் உருகும் பசையாலோ வெப்பத்தாலோ ஒட்டி மூடும் முறை விரும்பப்படுகின்றது. ஆனால் முற்றாக மூடிய பையில் காற்று சிக்கிக்கொண்டால் அது பந்துபோல் உப்பும், அடுக்க இயலாது. காற்று வெளியேறச் சிறு துளைகள் இட்டால், அவையே பூச்சிக்கு வழியாகின்றன. துளைகளை வளைந்து செல்லும் பாதையாக மடிப்புக்குள் அமைப்பது இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு ஆகும்.

திறந்த பின்

பை திறக்கப்பட்டவுடன் படலங்களின் தடுப்புத் திறன் பெரும்பாலும் பயனற்றுப்போகின்றது. நாளொன்றுக்கு 100 கிராம் உண்ணும் சிறிய நாய்க்கு 15 கிலோகிராம் பை வாங்கினால், கடைசி வேளை உணவு 150 நாட்கள் காற்றுபட்டதாக இருக்கும். 3 கிலோகிராம் பையானால் 30 நாட்களே. மீண்டும் மூடத்தக்க பற்பட்டை, நகர்த்தி மூடும் பூட்டு ஆகியவை இதற்காகவே பொருத்தப்படுகின்றன.

உணவை வேறு கலனில் கொட்டிவிட்டுப் பையை எறிந்துவிடுவது பலரின் வழக்கம். இதனால் பையில் அச்சிட்ட தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இழக்கப்படுகின்றன. 2007ஆம் ஆண்டில் மெலமைன் கலந்த கோதுமைப் புரதத்தால் வட அமெரிக்காவில் பல நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. ஏறத்தாழ 6 கோடி குவளைகளும் பைகளும் திரும்பப் பெறப்பட்டன. ஒரே உற்பத்தியாளரின் உணவு பல வணிகப் பெயர்களில் விற்கப்பட்டிருந்ததால், தம்மிடம் உள்ளது பாதிக்கப்பட்ட உணவா என்பதை அறிய வணிகப் பெயர் மட்டும் போதவில்லை. பொதியின் மேலுள்ள தேதியும் குறியீடும் தேவைப்பட்டன. உலர் உணவை அதன் சொந்தப் பையிலேயே, 27 பாகை செல்சியசுக்குக் குறைவான வெப்பநிலையில் வைக்குமாறும், கலன் பயன்படுத்தினால் பையோடு சேர்த்து உள்ளே வைக்குமாறும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகின்றது.

காலிப் பையும் தீங்கானதே. எஞ்சிய துணுக்குகளைத் தேடித் தலையை நுழைக்கும் நாய் மூச்சை இழுக்கும்போது, நெகிழிப் படலம் அதன் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களிலேயே மூச்சுத்திணறி இறக்க நேரிடலாம். எனவே காலிப் பைகளின் அடிப்பகுதியையும் பக்கங்களையும் வெட்டிவிட்டு எறிவது நல்லது.

மீள்சுழற்சி

உணவைக் காக்கும் பல அடுக்கு அமைப்பே மீள்சுழற்சிக்குத் தடையாக உள்ளது. ஒட்டிய பாலியெஸ்டரையும் பாலித்தீனையும் அலுமினியத்தையும் பிரித்தெடுப்பது கடினம். எனவே முழுவதும் பாலித்தீனாலான பைகள் உருவாக்கப்பட்டு வருகின்றன. இவற்றில் வெளிப்படலம் இழுத்து விறைப்பேற்றப்படுகின்றது. நெய்த பாலிபுரோப்பிலீன் பையும் அதன்மேல் ஒட்டிய படலமும் ஒரே வகை நெகிழி என்றாலும், அவற்றைத் திரட்டும் ஏற்பாடு பல இடங்களில் இல்லை. 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதியிடல் ஒழுங்குமுறை, 2030 முதல் சந்தையிலுள்ள பொதிகள் மீள்சுழற்சிக்கு உகந்தவையாக இருக்க வேண்டும் என்று கோருகின்றது.